பழைய லொறிக்குள் வெக்கை: ஹீற்றரை அடக்குவது எப்படி

வன்னியில் பழைய லொறி வாங்குகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், சேசிஸைத் தட்டிப் பார்ப்பார்கள், டயர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். ஹீற்றரைப் பார்ப்பவர் அநேகமாக யாரும் இல்லை. பரந்தனிலும் ஒட்டுசுட்டானிலும் ஹீற்றர் யாருக்கு வேண்டும்? அப்புறம் சித்திரை வெயிலில் ஏ9 வீதியில் நெல் மூட்டைகளோடு போகும்போது இடது காலுக்குப் பக்கத்தில் இருந்து சுடுகாற்று வரும். வெளியே வெயில் என்று கொஞ்ச நாள் சமாளிப்பார்கள். பிறகு கண்ணாடியைத் திறந்தாலும் குறையாத இந்த வெக்கை வெயிலால் வருவதில்லை என்று புரியும்.

கன்டர், எல்ஃப் மாதிரியான லொறிகள் பெரும்பாலும் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. ஹொக்கைடோ போன்ற இடங்களில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும். அங்கே ஹீற்றர் இல்லாமல் லொறி ஓட்ட முடியாது. அதனால் நல்ல பலமான ஹீற்றராகவே பூட்டியிருப்பார்கள். இங்கே வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. தொடாமலே கிடந்து இறுகிப்போவதுதான் தொல்லையின் தொடக்கம்.

இது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீர் 80 பாகை அளவில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பங்கு, பெருவிரல் மொத்தமான ரபர் ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேற்றருக்குள் போய், இன்னொரு ஹோஸ் வழியாக எஞ்சினுக்கே திரும்பும். அந்தக் குட்டி ரேடியேற்றரின் மேல் காற்று அடித்தால் கெபின் சூடாகும். அதை நிறுத்த இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஒன்று, தண்ணீரை மறிக்கும் வால்வ். மற்றது, காற்றை வேறு பக்கம் திருப்பும் பலகை. சில வண்டிகளில் வால்வே இருக்காது, பலகை மட்டும்தான். அப்படியானால் சுடுதண்ணீர் எந்நேரமும் உள்ளே நிற்கும் என்று அர்த்தம்.

சாமானுக்குக் காசு செலவழிக்க முதல், சூடு ஹீற்றரில் இருந்துதான் வருகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கெபினில் இரண்டு மின்விசிறி பூட்டி, கதவுக் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி, அப்படியும் அவிந்துகொண்டு வந்தார். "அண்ணை, இதில ஹீற்றரே வேலை செய்யிறேல்ல" என்று சத்தியம் பண்ணினார். வேலை செய்யவில்லை என்று அவர் நினைத்தது புளோவர், அதாவது ஹீற்றருக்குக் காற்று அடிக்கும் விசிறி, சுழலாததால். தண்ணீர் மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் உள்ள ஹீற்றர் பிடியில் இருந்து வால்வுக்குப் போகும் கேபிளின் கிளிப் கழன்று கிடந்தது, அவ்வளவுதான்.

சோதிப்பது இப்படி. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹீற்றர் பிடியைக் குளிர்ப் பக்கத்தின் கடைசி வரை தள்ளுங்கள். புளோவரை நிறுத்துங்கள். கெபினைக் கவிழ்த்து, எஞ்சினில் இருந்து கெபினை நோக்கிப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்களையும் கண்டுபிடியுங்கள். மேலும் கீழுமாக இருக்கும் தடித்த ஹோஸ்கள் ரேடியேற்றருக்குப் போகின்றவை, அவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறகு கெபினை இறக்கிப் பூட்டிவிட்டு, வெப்பமானியின் முள் வழமையான இடத்துக்கு வரும் வரை ஒரு சுற்று ஓடுங்கள். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தி, விசிறி நின்ற பிறகு அந்த ஹோஸ்களைத் தொடுங்கள். உள்ளங்கையால் பிடிக்காதீர்கள், விரல் நுனியால் தொட்டு எடுத்தால் போதும்.

வால்வுக்கு முன்னால் உள்ள பக்கம் சுட வேண்டும், அது நியாயம். வால்வைத் தாண்டிய பக்கமும் அதே அளவு சுட்டால் வால்வ் மூடவில்லை. திரும்பி வரும் ஹோஸைத் தொடும்போது மட்டும் கொஞ்சம் கவனம். எஞ்சினோடு சேரும் இடத்தில் அது எப்படியும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கெபின் பக்கமாக ஒரு முழம் தள்ளித் தொட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வால்வைத் தாண்டிய பக்கமும் திரும்பி வரும் ஹோஸும் குளிர்ந்திருந்து கெபின் மட்டும் சூடென்றால் ஹீற்றரில் பிழை இல்லை. நேரே கீழே 'எஞ்சின் சூடு' என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. லொறி நிற்கும்போது சூடு இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது, வெளிக்காற்று வரும் பிடியை மூடி உட்காற்றுக்கு மாற்றினால் குறைகிறது என்றால், முன்னால் இருந்து வரும் காற்று அந்தக் குட்டி ரேடியேற்றரின் மேலால் தானாகவே தள்ளிக்கொண்டு வருகிறது. புளோவர் சுழலாவிட்டாலும் இது நடக்கும்.

கேபிளும் வால்வும்

ஹீற்றர்தான் என்று தெரிந்தால் மலிவான பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். ஒருவரைக் கெபினுக்குள் இருத்திப் பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளச் சொல்லி, நீங்கள் வால்வில் உள்ள சின்னக் கையைப் பாருங்கள். அது முழுத் தூரமும் போகிறதா? பாதியில் நின்றால் கேபிளைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தி, வால்வை கையால் முழுக்க மூடி, பிடியையும் குளிர் முனையில் வைத்து, அந்த நிலையிலேயே கிளிப்பைத் திரும்ப இறுக்குங்கள். பழைய லொறிகளில் கணிசமானவை இதோடு சரியாகிவிடும். கேபிள் துருவேறி இறுகியிருந்தால் உறைக்குள் எண்ணெய் விட்டு, மெதுவாக ஆட்டி ஆட்டி இளக்குங்கள். வேகமாக இழுத்தால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பிடி முறியும். கம்பியை விட அந்தப் பிளாஸ்டிக் துண்டைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

கை முழுக்கத் திரும்பியும் தண்ணீர் போகிறதென்றால் வால்வின் உள்ளே பிழை. இங்கே நம்முடைய கிணற்றுத் தண்ணீருக்கும் பங்கு இருக்கிறது. வன்னியின் பல இடங்களில் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே படைதான் எஞ்சினுக்குள்ளும் பிடிக்கிறது. பழைய ஹீற்றர் ஹோஸ் ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்சுவரில் வெள்ளையும் துரு நிறமும் கலந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அது வால்வின் வாயில் படிந்தால் வால்வ் மூடியும் மூடாமலும் நிற்கும். கழற்றித் துப்புரவாக்கிப் பார்க்கலாம். ஆனால் பழைய பிளாஸ்டிக் வால்வைக் கழற்றும்போது குழாய் முனை உடைவது வழமை. ஆகவே மாற்று வால்வோ, கீழே சொல்லும் ஹோஸோ கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கினால் சனிக்கிழமை ஹயர் போக முடியாது.

பாகம் வாங்கக் கடைக்குப் போனால் பழைய வால்வைக் கையோடு கொண்டு போங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பழைய பாகம் விற்கும் கடைகளில் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட, சாமானைக் காட்டிக் கேட்டால் சரியானது கிடைக்கும்.

ஹீற்றரைச் சுற்றில் இருந்து விலக்குவது

வன்னிக்குள்ளேயே ஓடும் லொறிக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்: ஹீற்றருக்குப் போகும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுங்கள். நுவரெலியாவில் மரக்கறி ஏற்ற இரவில் போகிறவர்கள் மட்டும் வால்வை ஒழுங்காக வைத்திருக்கலாம், அங்கே பனியில் கண்ணாடி மங்கும்போது ஹீற்றரின் அருமை தெரியும். நம்முடைய மாரி மழையிலும் கண்ணாடி மங்கத்தான் செய்யும். ஆனால் அதற்குப் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, ஒரு துணியும் வைத்திருந்தால் போதும்.

எஞ்சினில் ஹீற்றர் ஹோஸ்கள் பூட்டும் இரண்டு முனைகளையும் போல்ட்டோ கட்டையோ வைத்து அடைத்துவிட வேண்டாம். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கும் வால்வ்) மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீர் சுற்றுவதற்கு இந்த ஹீற்றர் வழியும் உதவுகிறது. தவிர, அடைத்த ரபர் நுனி அழுத்தத்தில் பிதுங்கி ஒருநாள் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் வெடிக்கும். அடைப்பதற்குப் பதிலாக, எஞ்சினில் இருந்து வெளியே வரும் முனையையும் திரும்பிப் போகும் முனையையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுங்கள். தண்ணீர் கெபினுக்குப் போகாமல் எஞ்சின் பக்கத்திலேயே வளைந்து திரும்பிவிடும்.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகே கை வைக்க வேண்டும். ரேடியேற்றர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் அடித்திருக்கும். அது மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே கொதித்து முகத்துக்குப் பாயும். மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் இன்னும் பொறுங்கள்.

குளிர்ந்ததும் மூடியைத் திறந்து, கீழே ஒரு பேசின் வைத்துத் தண்ணீரை ஹோஸ் மட்டத்துக்குக் கீழே இறங்கும் வரை வடியுங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் ஊற்றியிருந்தால் அதை நிலத்தில் விடாதீர்கள். அது இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும், நக்கினால் சாகும். பிறகு இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கம் கழற்றுங்கள். ஒட்டிப்போயிருந்தால் இழுத்து மல்லுக்கட்டாமல் ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுங்கள். எப்படியும் அந்தப் பழைய ஹோஸ் திரும்பப் பாவிக்கிற மாதிரி இருக்காது, பலத்தைக் காட்டினால் செம்புக் குழாய்தான் நசியும்.

புது ஹோஸ் ஹீற்றருக்கென்றே விற்கிற, உள்ளே நூல் பின்னிய கறுப்பு ரபர் ஹோஸாக இருக்க வேண்டும். பல லொறிகளில் உள்விட்டம் ஐந்தெட்டு அங்குலம், அதாவது 16 மில்லிமீற்றர் அளவில் வரும். ஆனால் குழாயை அளந்துவிட்டே வாங்குங்கள். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயைப் பூட்டி ஓடுகிற லொறிகளைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் அது இளகிக் கிளிப்பில் இருந்து வழுகிவிடும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசி வால்வும் அதே கதைதான். இடையில் வால்வ் வைக்க விரும்பினால் பித்தளையில் வாங்குங்கள். ஹோஸை வளைக்கும்போது மடிந்து நெரியாமல் ஒரு பெரிய வளைவாக விட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் எட்டத்தில் கட்டுங்கள். திருகுக் கிளிப் இரு முனைக்கும். கம்பி சுற்றி முறுக்குவது ஒருநாளைக்குப் போதும், ஒரு போகத்துக்குப் போதாது.

கெபின் பக்கம் மிஞ்சிய இரண்டு முனைகளையும் தண்ணீர் வடிந்த பிறகு ஒரு துண்டு ஹோஸால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால், குளவி கூடு கட்டாது. கழற்றிய வால்வையும் கேபிளையும் எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், லொறியை விற்கும்போது கேட்பார்கள்.

கெபினுக்குள் இனிப்பு வாடை வருகிறது, உள்கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரிப் படிகிறது, உதவியாளர் காலடியில் மிதிவிரிப்பு காரணமில்லாமல் நனைகிறது என்றால் குட்டி ரேடியேற்றர் கசிகிறது. அப்போது யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே விலக்கிவிடுங்கள். கால்மேல் சுடுதண்ணீர் ஊற்றுகிற வரை காத்திருக்கத் தேவையில்லை.

திரும்ப நிரப்புவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். லொறியின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக நிற்கிற மாதிரி விட்டு, மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, குமிழிகள் வந்து அடங்கும் வரை மட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். தண்ணீர் பொங்கி மேலே வரத் தொடங்கியதும் மூடிவிடலாம். உள்ளே காற்று தங்கினால் வெப்பமானி முள் திடீரென்று ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். அடுத்த சில நாட்கள் காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். ஊற்றுவது கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டாம். கலந்தே விற்கும் கூலன்ட் நல்லது. காசு இறுக்கமென்றால் மூலக் கூலன்ட் வாங்கி, பற்றரிக்கு விடும் சுத்தத் தண்ணீரோடு, போத்தலில் சொன்ன அளவுக்குக் கலந்துகொள்ளலாம். கூலன்ட் குளிர் நாட்டுச் சாமான் என்று சிலர் நினைக்கிறார்கள். துருவையும் அரிப்பையும் தடுப்பதற்காகத்தான் நமக்கு அது தேவை.

வால்வே இல்லாத வகை

இதில் சுடுகாற்றை மறிப்பது பலகை மட்டும். அதன் விளிம்பில் ஒட்டிய ஸ்பொஞ்ச் காலப்போக்கில் உக்கிப்போகும். புளோவரைப் போட்டால் காற்றுத் துவாரங்களில் இருந்து கறுப்புத் துணுக்குகள் பறந்து சட்டையில் ஒட்டுகின்றனவா? அது அந்த ஸ்பொஞ்ச்தான். டாஷ்போர்டைக் கழற்றி புதிது ஒட்டலாம், நாள் முழுக்கப் போகும். நானாக இருந்தால் மேலே சொன்ன மாதிரி தண்ணீரை விலக்கிவிட்டு டாஷ்போர்டைத் தொடாமல் விடுவேன்.

எஞ்சின் சூடு

கன்டரிலும் எல்ஃபிலும் ஆட்கள் எஞ்சினுக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய டாட்டா லொறிகளில் எஞ்சின் மூடி கெபினுக்கு நடுவிலேயே இருக்கும். ஆகவே ஹீற்றரை விலக்கிய பிறகும் வெக்கை இருந்தால் ஓட்டைகளைத் தேடுங்கள். இரவில் கெபினுக்குள் விளக்கை அணைத்துவிட்டு, இன்னொருவரைக் கீழே இருந்து டோர்ச் அடிக்கச் சொன்னால், வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சூடும் வருகிற இடம். கியர் தண்டின் ரபர் சட்டை கிழிந்திருக்கும், பெடல் துளைகளில் ரபர் இருக்காது, யாரோ வயர் இழுக்கத் துளைத்த ஓட்டை திறந்தபடியே இருக்கும். கியர்ச் சட்டை ஒன்றை மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

தரையில் ஈரச் சாக்கு விரிப்பது நம்மூர் வழக்கம். கொஞ்ச நேரத்துக்குக் குளிர்ச்சிதான், ஆனால் அடித்தகடு ஒரு மாரிக்குள் உக்கிவிடும். காய்ந்த சாக்கின் மேல் தும்புப் பாய் விரித்தால் அதுவே நல்ல தடுப்பு. கூரைத் தகரத்துக்கு அடியில் ஒட்டும் வெள்ளித் தாளையும் கெபினுக்குள்ளே விரிக்கலாம். எஞ்சின் பக்கத்தில் மட்டும் ஒட்டாதீர்கள், சைலன்சர் சூட்டில் எரியும்.

சூட்டோடு புகை வாடையும் வந்தால், அல்லது ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்ற சத்தமும் மனிபோல்ட் (எஞ்சினில் இருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) இணைப்பில் கரியும் தெரிந்தால், எரிந்த புகை கசிகிறது. அதை உடனே கராஜில் காட்டுங்கள். அந்தப் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அரிசி ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை ஓடவிட்டுக் கெபினுக்குள் தூங்குகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

எஞ்சினே அளவுக்கு மேல் சூடாகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். காலபோக அறுவடைக்குப் பிறகு வயலுக்குள் போய் வந்த லொறியின் ரேடியேற்றர்ச் செட்டைகளுக்குள் வைக்கோல் தூசும் பதரும் அடைந்திருக்கும். கிரவல் வீதிப் புழுதியும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். விசிறிப் பக்கத்தில் இருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், முன்னால் இருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். பலமான பம்ப்பைக் கிட்ட வைத்து அடித்தால் செட்டைகள் மடிந்துவிடும், ஆகவே எட்ட நின்று அடியுங்கள்.

'சூடு கூட என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி, சூடு இன்னும் கூடும். மற்றவற்றில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் டீசல் கூடக் குடிக்கும். பழுதென்றால் புதிது போடுங்கள், விலையும் பெரிதில்லை.

ஹீற்றரை விலக்காமல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மாத்தளை ஏற்றத்தில் பாரத்தோடு முள் சிவப்பை நெருங்கினால், ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டுப் புளோவரையும் முழு வேகத்தில் விட்டால் எஞ்சினின் சூடு கொஞ்சம் கெபின் வழியாக வெளியேறும். கண்ணாடிகளைத் திறந்து, வியர்த்துக்கொண்டே, நிறுத்த ஒரு நிழல் கிடைக்கும் வரை ஓட்டலாம். விலக்கியவர்கள் நேரத்தோடு ஓரங்கட்டி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

வேலை முடிந்து முதல் பாரம் ஏற்றி வந்த பிறகு, எஞ்சின் ஆறியதும் கிளிப் இரண்டையும் இன்னொரு தரம் இறுக்குங்கள். புது ரபர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். சீற்றுக்குப் பின்னால் ஒரு முழம் ஹோஸும் இரண்டு கிளிப்பும் ஐந்து லீற்றர் தண்ணீரும் கிடக்கட்டும்.